ஊர்வலத்தில் தோற்ற அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. "கோபமே அறியாத தங்கமான மனிதர் என்று எழுதிவிடு" என்று பெரியப்பா வீட்டில் சொன்னார்கள். அண்ணனா, கோபமே அறியாதவரா? நல்ல கதை! அவரைத் தறுதலை என்று வாசலோடு விரட்டிய வீடுகளுக்கும் இந்த நினைவு மலர் வரத்தான் போகிறது. ஆகவே தங்கையாகிய நான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இராயபுரத்தில். யுத்த காலத்தில், குண்டு விழும் என்று ஊரே காலியான சமயத்தில், அப்பா காய்ச்சலில் காலமானார். அதன்பின் அண்ணன் வீட்டில் தங்கவில்லை. பேசின் பிரிட்ஜில் கூட்ஸ் வண்டி ஏறினால் மாதக்கணக்கில் ஆள் இருக்காது. திரும்பி வந்தால் குடி, அடிதடி, போலீஸ். அம்மா அழாத நாளில்லை.

ஒருநாள் தோல் மண்டியில் வேலை செய்த காதரிடம் வம்புக்குப் போனார். காதர் குத்துச்சண்டை பழகியவர். ஒரே குத்து, அண்ணன் சாக்கடையில் கிடந்தார். மறுநாள் காதரையே தேடிப் போய், "தோஸ்து, அந்தக் குத்த எப்டி வுட்ட? எனக்கும் காட்டு" என்றாராம். அன்று தொடங்கியது. விடியற்காலையில் கடற்கரையில் ஓட்டம், மாலையில் மணல் மூட்டையைக் கட்டிக் குத்து. குடியையும் விட்டார். "எத்தினி நாளைக்கோ" என்று அம்மா மட்டும் பயந்துகொண்டே இருந்தார்.

திருவொற்றியூர்த் தொழிற்சாலை அதிகாரி ஒருவர், ஒரு பெரிய சண்டையில் ஜெயித்தால் நிரந்தர வேலை என்று வாக்களித்தார். சண்டைக்குப் போகிறவரை மேளதாளத்தோடு தெருத்தெருவாக அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று சொந்தபந்தம் மொத்தமும் திரண்டது. வாசலுக்கு வாசல் ஆரத்தி, மாலை, சோடா.

"டைம் ஆவுது, வுடு மாமா" என்று அண்ணன் கெஞ்சினார்.

"இன்னா நைனா அவசரம்? நீ இல்லாம சண்ட ஆரம்பிச்சிடுமா?" என்றார் மாமா.

போய்ச் சேர்ந்தபோது, ஆள் வரவில்லை என்று எதிராளி ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள். அண்ணன் ஒரு குத்துகூட விடவில்லை. கழுத்து நிறைய மாலையோடு தோற்றார். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

இனி ஆள் ஓடிவிடுவார் என்று எல்லோரும் பேசினார்கள். அண்ணன் வீடு வந்ததும் அம்மா வாசற்படியை மறித்து உட்கார்ந்து, "எங்கியும் பூடாதடா" என்று அழுதார்.

"எங்கம்மா போறது? காலீல பிராக்டீஸ் கீது. நவுரு, தூங்கணும்" என்றார் அண்ணன்.

சொன்னபடியே போனார். அதன்பின் எத்தனையோ சண்டைகளில் ஜெயித்தார். எங்களுக்கு அண்ணியைக் கொண்டுவந்தார், என்னைப் படிக்க வைத்தார். அந்தத் தொழிற்சாலை வேலை மட்டும் வேறொருவருக்குப் போய்விட்டது. அண்ணன் துறைமுகத்தில் தினக்கூலியாக நிலக்கரி சுமந்தார். கரித்தூள் நெஞ்சில் படிந்து, இருமலில் தொடங்கி, கடைசியில் படுக்கையில் தள்ளியது.

அண்ணனை மருத்துவமனைக்குத் தோளில் தூக்கிச் சென்ற காதர் பாய்க்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று ஊர்வலம் வந்த சொந்தங்களுக்கும் நன்றி சொல்லவேண்டும் என்கிறார் அம்மா. ஆசையில்தான் செய்தார்களாம். அம்மா பேச்சை மீற முடியாது, சொல்லிவிட்டேன். ஆனால் அன்று நேரத்தோடு போக விட்டிருந்தால், எங்கள் அண்ணன் இன்று உயிரோடு இருந்திருப்பார்.