ராஜபாண்டியின் அம்பாசிடரும் என் தங்கையும்

ஐ.டி.ஐ.யில் இருபத்தாறு பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக மோட்டார் மெக்கானிக் தேறியது, பெண் பார்க்க வந்தவர்கள் நகத்து கிரீஸைக் கண்டு எழுந்து போனபிறகும் வேலையை விடாதது, காளவாசல் பட்டறையில் இடம் பிடித்தது. என் தங்கை முத்துச்செல்வி வென்றவை இவை.

வெல்லாதது ஒன்று இருந்தது. நாலு வருடமாக அவள் சரிசெய்த வண்டிகளுக்கும் வேலைச் சீட்டில் மெக்கானிக் என்று கையெழுத்திட்டவர் பட்டறையின் மூத்த மெக்கானிக் பேயாண்டி. "பொம்பளப் பேரப் பாத்தா ஒருத்தனும் வண்டி விடமாட்டாய்ங்க" என்பார் முதலாளி நல்லகாமன். பெரிய கண்டுபிடிப்பு!

அப்போதுதான் பரவை ராஜபாண்டியின் பழைய அம்பாசிடர் வந்தது. எஞ்சினைப் புதிதாகக் கட்டி இரண்டு வாரம். நின்ற இடத்தில் உறுமும், மேம்பாலத்தில் ஏறும்போது ஷேர் ஆட்டோ முந்தும். பேயாண்டி பிளக்கை மாற்றினார், டைமிங்கைத் திருப்பினார், எஞ்சின் ஹெட்டை இரண்டுமுறை கழற்றினார். முகம் மட்டும் பெரிய டாக்டர் மாதிரி.

"மாப்ள, நீ கழட்டாதது ஹாரன் மட்டுந்தேன்" என்று எரிந்தார் முதலாளி. பிறகு தங்கையிடம், "நீ பாரு. கண்டுபிடிச்சா சீட்டுல நீயே கையெழுத்துப் போடு. இல்லாட்டி கார் கழுவுறதோட நிறுத்திக்க" என்றார்.

சாப்பாடு கொண்டுபோன நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஸ்பானரைத் தொடவில்லை.

"அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஆக்சிலேட்டர அடிவரைக்கும் மிதிங்க" என்றாள், வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ராஜபாண்டியிடம்.

"பாதிக்கு மேல போகலையேம்மா. புது எஞ்சின், டைட்டா இருக்கும்" என்றார் ராஜபாண்டி.

பானெட்டுக்குள், ஆக்சிலேட்டரை மிதித்தால் நகரும் கார்புரேட்டர் லீவரில் காணிக்கை முடிந்த மஞ்சள் துணி. வண்டி நன்றாக ஓட வேண்டுமென்று ஆயுத பூஜையன்று அவர் கட்டியது. அந்த முடிச்சு இடித்து, லீவர் பாதியில் நின்றது. பேயாண்டி தினமும் அதைக் கும்பிட்டுவிட்டு, அதில் கை படாமல் மற்ற எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறார்!

"சாமி முடிச்சு தாயி. வண்டி நல்லா ஓடுனாத்தேன் அவுக்கணும்" என்றார் ராஜபாண்டி.

"அவுத்தாத்தேன்ணே ஓடும். நீங்களே எடுத்து ஸ்டியரிங்ல கட்டுங்க. சாமி எங்கயும் போகாது."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கட்டினார். அம்பாசிடர் மூன்றாவது கியரிலேயே மேம்பாலம் ஏறியது. "நானும் அதத்தேன் நெனச்சேன்" என்றார் பேயாண்டி, வெட்கமே இல்லாமல். முதலாளி சீட்டையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார்.

முத்துச்செல்வி மெக்கானிக்காக முதன்முதலில் கையெழுத்திட்ட நாள்: 2023 நவம்பர் 6, திங்கட்கிழமை.