குவாட்டர்ஸில் பால் பொங்கிய காலை

எங்கள் சுகாதாரப் பணிமனையில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. கையில் எப்போதும் திறப்புக் கொத்து இருப்பதால் கூட வேலை செய்பவர்கள் என்னைப் பேய்வீட்டுக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பெரியகல்லாற்றில் வாவியோரம் இருந்த பழைய ஊழியர் குவாட்டர்ஸ் வீடு ஒன்றின் மேல் எனக்கு நெடுநாளாகவே கண். அந்த ஊர்க் கர்ப்பிணிகளைக் குடும்பநல மாது வாசிகசாலை மூலையில், ஒரு சேலையை மறைப்பாகக் கட்டித்தான் பரிசோதித்து வந்தார்.

அன்று பூட்டிக் கிடக்கும் கட்டடங்களைப் பார்க்க மேலிடத்துக் குழு வருவதாக இருந்தது. ஆளில்லாத கட்டடம் என்று கண்டால் வேறு திணைக்களத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆள் புழங்கி, பாவனையில் இருந்தால் எங்களுக்கே. எனவே கிளினிக்கை அன்றே அங்கு மாற்றினேன். முந்தின வாரமே ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, குழந்தைகளை நிறுக்கும் தராசையும் தொங்கவிட்டாயிற்று. என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே தலைகால் புரியவில்லை.

வந்த தாய்மார் பூவரச மரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் படியேறவில்லை.

“உள்ள வாங்களன், ஏன் நிக்கிறீங்க?” என்றேன்.

“பால் காய்ச்சினயா சேர்?” என்றாள் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. “பால் காய்ச்சாத வீட்டுக்குள்ள வயித்துப் பிள்ளையோட எப்பிடிப் போற?”

சுண்ணாம்புவரை யோசித்த மண்டைக்கு இது எட்டவில்லையே! அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது: குழுவின் ஜீப் பாலத்தைத் தாண்டிவிட்டது. குடும்பநல மாது பக்கத்து வீட்டுக்குப் பாலுக்கு ஓடினார். நான் நடு அறையில் மூன்று செங்கல்லை வைத்துத் தென்னம்பாளையைக் கொளுத்தினேன். ஒரே புகை. ஜன்னல் முழுக்கப் பெண்களின் முகம்.

“ஊதுங்க சேர், நல்லா ஊதுங்க!”

வாசலில் ஜீப் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாது கொண்டுவந்து வைத்த சட்டியின் விளிம்புக்குப் பால் ஏறியது.

“பொங்குது! பொங்குது!”

பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டபடி திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். பின்னால் வந்த குழுத் தலைவர் படியில் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். நிறைமாதக்காரி அவரிடம் ஒரு கிளாஸை நீட்டினாள்.

“குடிங்க ஐயா. பால் காய்ச்சின வீட்டுக்கு வந்துட்டுச் சும்மா போகப்படாது.”

அவர் குடித்து முடித்தார். மீண்டும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, “இதுல ஆக்கள் இருக்காங்க. அடுத்த கட்டடத்தப் பாப்பம்” என்றார்.

ஆம்பிளைகள் குரவை போடுவதில்லை. ஜீப் திரும்பிப் போனதும் நான் போட்டேன்.