பகலில் எடுத்த ராத்திரி

அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ராத்திரி முழுக்க ஓட்டம், பகலில் தூக்கம். அதற்காகவே எங்கள் திருவொற்றியூர் வீட்டின் உள்ளறை ஜன்னலில் கறுப்புத் தார்ப்பாய் அடித்து, மேலே காற்றுத் துவாரத்தையும் அட்டையால் அடைத்திருந்தார். உச்சிவெயிலிலும் அங்கே கைவிரல் தெரியாது.

கல்லூரியில் கடைசி வருடம் நாங்கள் ஒரு குறும்படம் எடுத்தோம். கரண்ட் போன வீட்டில் ஒரு பெண் தனியாகக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. முழுக்க இரவுக் காட்சிகள். ராத்திரியில் வெளியே தங்க எங்கள் யார் வீட்டிலும் சம்மதிக்கவில்லை. "எங்க வீட்டுல ஒரு ரூம் இருக்கு, பகல்லயே ராத்திரி மாதிரி" என்று சொன்னது நான்தான். கேமராவும் லைட்டும் என் பொறுப்பு.

"ரெண்டு நாள் போதும் நைனா" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"எட்துக்கோம்மா. நான் மாடில பட்த்துக்குறேன்."

மாடியில் இருந்தது ஒரு தகரக் கொட்டகை. அப்போது நல்ல கோடை.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பீரோ மேல் ஒரு லைட்டை வைத்து, நீலத்தாள் ஒட்டி, சுவரைப் பார்த்துத் திருப்பினேன். நிலா வெளிச்சம் வந்துவிட்டது. மெழுகுவத்தி மட்டும் முகத்துக்குப் போதவில்லை. அதன் பின்னால் சின்ன பல்பை ஒளித்து, பல்புக்கு முன்னால் விரல்களை மெல்ல ஆட்டினேன். நடித்த தோழியின் கன்னத்தில் சுடர் நிஜமாகவே நடுங்கியது. இதையெல்லாம் சரிசெய்து சரிசெய்து, இரண்டு நாள் நான்கு நாளாகிவிட்டது.

நான்காம் நாள், சத்தம் பதிவு செய்தவன் ஹெட்போனைக் கழற்றினான். "மேல ஏதோ கிரீச் கிரீச்சுனு கேக்குது."

மாடிக்கு ஓடினேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தார். பனியன் வேர்வையில் ஒட்டியிருந்தது.

"நைனா, கட்டில் சத்தம் மைக்ல விழுது."

"அப்டியா? நான் லாரி ஷெட்டுக்குப் போறேன், நீ எடு" என்று எழுந்தார். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெயிலில் தெருவில் நடந்து போனார். சனியன் சத்தம் ஒழிந்தது என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

அன்று இரவு துறைமுக வாசல் வரிசையில் அவர் கண் அசந்துவிட்டார். வண்டி உருண்டு, முன்னால் நின்ற டிரெய்லரில் மோதியது. வேறு யாருக்கும் அடியில்லை. ஸ்டியரிங்கில் இடித்து அப்பாவின் உதடு கிழிந்தது, நெஞ்சு வீங்கியது. முதலாளி அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார். நெஞ்சு வலி குறைந்ததும், தன்னிடம் தொழில் கற்றவன் ஓட்டும் வண்டியிலேயே அப்பா கிளீனராகப் போனார்.

"நாலு நாளா மனுசன் ஒழுங்கா தூங்கல. வேற இன்னா ஆவும்?" என்றார் அம்மா, விபத்துக்கு மறுநாள் பாத்திரம் தேய்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே.

அறைக்குள் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னாலதான் நைனா."

"இன்னா உன்னால? லைன்ல அம்மாம் நேரம் நின்னா எவனுக்கும் கண்ணு சொக்கும். அத்த வுடு. படம் எப்டி வந்துகீது?"

"நல்லா வந்துகீது" என்றேன். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

இன்னும் ஒரு ஷாட் பாக்கியிருந்தது. அறையைத் தர முடியாது என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். அது இல்லாமலே படத்தைக் கல்லூரியில் கொடுத்தோம்.

மழைக்காலத்தில் அப்பாவுக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. கல்லூரித் திரையிடலுக்குச் சட்டையை இஸ்திரி போட்டு வந்தார். இரவு வெளிச்சத்தை ஆசிரியர் தனியாகப் பாராட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் நிறுத்திய பிறகும் அப்பா தட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம வூட்டு ரூமுதான் அது" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்திருந்தேன்.