காற்றுப் பெட்டிக்குத் தைத்த உறை

ஆவடி ரயில் நிலையத்து மேம்பாலப் படிகளில் பாதியில் நின்றேன். மூச்சு கிடைக்கவில்லை. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாதென்று கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நடித்தேன். எனக்கு வயது அறுபத்து மூன்று. இப்படி மூன்று மாதம் ஓட்டினேன். நீங்களும் ஓட்டிக்கொண்டிருந்தால் இதைப் படித்ததும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

டாக்டர் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலின் வலுவை அளக்கும் சோதனை) செய்தார். சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நோய்) என்றார்.

"நான் பீடி சிகரெட் தொட்டதே இல்லையே!" என்று சண்டைக்குப் போனேன்.

"விறகு, ஸ்டவ், கொசுவர்த்தி... எல்லாமே புகைதாம்மா. முதல்ல கொசுவர்த்திய நிறுத்துங்க."

நிறுத்தினேன். இன்ஹேலர் (மருந்தை உறிஞ்சும் கருவி) தந்தார். ஓர் ஆய்விலும் சேர்த்துவிட்டார். முதியவர்கள் வீட்டுக் காற்றை அளந்து, அரசு என்ன செய்யலாம் என்று சொல்லும் ஆய்வு அது. கூடத்தில் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். அது தூசியையும் புகையையும் அளந்து டாக்டரின் கைபேசிக்கு அனுப்பும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் வீடியோவில் பேசுவார்.

முதல் தடவையே "வீட்டுக் காத்து ரொம்ப சுத்தம்" என்றார். அந்தத் தைரியத்தில், டாக்டரிடம் சொல்லாமலே, கொசுவர்த்தியை மறுபடி ஏற்றினேன்.

இரைப்பு கூடியது. காற்று நன்றாக இருக்கும்போது ஏன் இரைக்கிறது, இதயத்தைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். நான் ஆடிப்போய்விட்டேன். எந்தப் புடவை எந்த மகளுக்கு என்றுகூடக் கணவரிடம் சொல்லிவைத்தேன்.

"இன்னாத்துக்கு இப்பவே இதெல்லாம்? கம்முனு கெட" என்றார். ஆனாலும் என் இன்ஹேலரை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார்.

எக்கோ (இதயத்தை ஒலி அலைகளால் படம் பிடிப்பது) எடுத்ததில் கோளாறு எதுவும் இல்லை. காரணம் மட்டும் தெரியவில்லை.

மறுவாரம் பெட்டியைச் சரிபார்க்க ஆய்வுக் குழுவிலிருந்து சரண்யா வந்தாள். பெருமையாகக் காட்டினேன். டிவிக்கும் மிக்சிக்கும் தைத்ததுபோல் அதற்கும் பிளாஸ்டிக் தாள் வைத்துப் பூப்போட்ட உறை தைத்து, பெட்டி வந்த அன்றே மாட்டியிருந்தேன். அடுத்தவர் பொருள், தூசி படியலாமா?

"அம்மா, தூசிய அளக்கத்தாம்மா அந்தப் பெட்டி!"

"கருவிக்கு மூக்க அடைச்சிட்டு, காத்து சுத்தமா கீதாம்!" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் இயந்திர பாகங்களின் அளவு சரிபார்த்தவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உறையைக் கழற்றினோம். மாலையில் ஜன்னலைச் சாத்திக் கொசுவர்த்தி ஏற்றினதும் பெட்டியின் விளக்கு சிவந்தது. அன்றோடு கொசுவர்த்தியைத் தலைமுழுகினேன். ஜன்னல்களுக்கு வலை அடித்தோம்.

எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டிலும் பெட்டிக்கு உறை இருந்ததாம். யாரும் பார்க்காமல் போயிருந்தால், எங்கள் பருத்திப்பட்டில் கிழவர்களுக்குப் புகைத் தொல்லையே இல்லை என்று அறிக்கை எழுதியிருப்பார்கள். விடுவேனா? எல்லாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள் என்று ஆய்வுக் குழுவுக்குப் போன் போட்டேன். இப்போது பெட்டியோடு அவர்கள் தரும் குறிப்புத் தாளில் முதல் வரியே 'பெட்டியை மூடாதீர்கள்' என்பதுதான்.

இந்த நோய் முழுதாகப் போகாது. ஆனால் இரைப்பு குறைந்துவிட்டது. ஏரிக்கரையில் நடக்கிறேன், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். யாரோடும் போட்டி இல்லை.

போன வாரம் வீடியோவில் டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கேன்" என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நேத்து தெருவுல குப்பை எரிச்சாங்க டாக்டர். ராத்திரி கொஞ்சம் இரைப்பு..."

மூச்சு வாங்கியது. அவசரப்படாமல் இழுத்து விட்டேன். டாக்டர் காத்திருந்தார்.