வாடகைக்கு ஒரு ‘அப்படியா?’

என் அக்காவின் கணவருக்குத் தொழில், வாய்பிளந்து நிற்பது. கேலிக்குச் சொல்லவில்லை, சம்பளச் சீட்டில் ‘பார்வையாளர்’ என்றே போட்டிருக்கும். சூதாட்ட விடுதிகளும் ஆடலரங்குகளும் நிறைந்த எங்கள் நகரத்தில் வாரத்துக்கொரு வணிகக் கண்காட்சி. ஒரு வாரம் பல் மருத்துவர் நாற்காலிகள், மறுவாரம் கழிப்பறைக் கோப்பைகள், அதற்கடுத்து ராட்டினங்கள். ஈயோட்டும் கடைகளின் முன்னால் நின்று, கூட்டம் சேர்க்க வேண்டியது மாமாவின் வேலை.

அதில் கெட்டிக்காரர். புருவத்தைச் சுருக்கி ஒரு ‘அப்படியா?’ கழுத்தை நீட்டி இன்னொன்று. கடைசியில் நம்ப முடியாதவர்போல மெதுவாக, ‘அப்ப…டியா’. பிறகு தலையாட்டல். அதற்குள் பின்னால் நாலு பேர் நின்றுவிடுவார்கள். மண்டபத்தில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். வாசலில் பெயரட்டை அச்சடித்துக் கொடுக்கும் எனக்கு, அவரை உறவென்று சொல்லிக்கொள்ளவே கூச்சம்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தலை நிற்காது என்பதுதான் வம்பு. அக்கா ஒரு துணி ஆலையில் பதினோரு வருடமாகச் சட்டைக்குக் கை மட்டும் தைக்கிறவள். முழுச்சட்டை ஒன்றுகூடத் தைத்ததில்லை. ஈரக்குடையைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள ஓர் உறையை அவளாகவே யோசித்துத் தைத்தாள். காட்டும்போதெல்லாம் மாமா, அப்படியா என்று தலையாட்டினார். அதை நம்பி, பயணப் பொருட்கள் கண்காட்சியில் கடைசி வரிசையில் மூன்று நாளைக்கு ஒரு மேசை பிடித்தாள். ஒரு வியாபாரி கேட்டால் போதும், சொந்தமாகத் தைக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடி சட்டைக் கை.

இரண்டு நாள் ஈ காக்கைகூட வரவில்லை. மூன்றாம் நாள் மாமா மேசை முன்னால் வந்து நின்று, புருவம், கழுத்து எல்லாம் முறைப்படி செய்தார். அதுதான் வினையாகப் போயிற்று. அந்தக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் வருடா வருடம் வரும் அதே வியாபாரிகள். ஆமாஞ்சாமி நிற்கும் இடத்தில் சரக்கு சரியில்லை என்பது அவர்களுக்கு அத்துப்படி. தூரத்திலேயே பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்கப் போன நான் மேசையோரம் நின்றுகொண்டேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் மாமா தன் குடையை உறைக்குள் நுழைத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. தொழிலை மறந்துவிட்டார்.

“இதோட வாய் சின்னதா இருக்கு.”

அக்கா எழுந்து நின்றாள். “வீட்டுல இருபது தடவ காட்டினேனே, அப்ப ஆட்டின தலை யாரோடது?”

“அது வேலைக்குப் போற தலை.”

அப்புறம் பிடித்தது சண்டை. தோள் வார் உறுத்துகிறது என்றார்; அடியில் தண்ணீர் தேங்கும் என்றார். அக்கா, பெண் பார்க்க வந்த அன்று அவர் ஆட்டிய தலையிலிருந்து தொடங்கினாள். திட்டிக்கொண்டே உறையின் வாயை வெட்டி, தைத்துக் காட்டவென்று கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்திருந்த தையல் மிஷினைத் தூக்கிவைத்து, ஒரு துண்டு சேர்த்து அங்கேயே தைத்தாள். குடை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இப்பவும் வார் உறுத்துகிறது என்றார் மாமா.

திரும்பிப் பார்த்தால் நடைபாதை அடைத்துக் கூட்டம். மாமாவோடு வாடகைக்கு நிற்பவர்கள்கூட ஓசியில் நின்றார்கள். சண்டைக்குக் கைக்கெட்டாத தூரத்தில் நின்ற ஒரு பைக்கடைக்கார அம்மா, வாரையும் மாற்றினால் அறுநூறு உறை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அவள் பின்னால் வந்த கண்காட்சி மேலாளர், அடுத்த வார மெத்தைக் கண்காட்சிக்கும் இதே சண்டை கிடைக்குமா என்று கேட்டார். அவரை அக்கா பார்த்த பார்வையில் ஆள் காணாமல் போனார்.

சாயங்காலம் மேசையை மடக்கும்போது அக்கா கேட்டாள், “நான் ஆலை வேலைய விட்டுடவா?”

மாமாவின் தலை வழக்கம்போல ஆடத் தொடங்கியது. அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள்.

“தலை வேணாம். வாயால சொல்லுங்க.”

மாமா யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அன்றுதான்.

“பயமாத்தான் இருக்கு,” என்றார். “விட்டுடு.”