ஆறாம் மாதம் ஒன்பது, ஒன்பதாம் மாதம் ஆறு

திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி நின்றால், அதைத் தீர்த்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். வைகாசி பிறந்து சில நாட்களில் ஒரு காலையும் அப்படித்தான். மடிகணினி அப்டேட் கேட்டது, கொடுத்தேன். அது தன்பாட்டில் சுற்றி, அணைந்து, எழும்பி, எல்லாம் புதிதாகிவிட்டதாக அறிவித்தது. நான் அண்ணையின் கோப்பைத் திறந்து, கடைசியாக வந்த ஒரு பதிவைக் கீழே சேர்த்தேன். மேலே தமிழ் எழுத்துகள் எல்லாம் கொக்கியும் கோடுமாகத் தெரிந்தன. எழுத்துரு இன்னும் வந்து சேரவில்லையாக்கும் என்று நினைத்தேன். சேமிக்கும்போது அது ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டது. வாசிக்காமலே ஓம் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

அண்ணை என்றால் சொந்த அண்ணை இல்லை. எங்கள் பின்வளவு வேலிக்கு அப்பால் இருக்கிற நாதஸ்வரக்காரர். அளவெட்டியில் நாதஸ்வரம் வாசிப்பவர் பக்கத்து வீட்டில் இருப்பது அதிசயமில்லை. வேதக்கார வீட்டுப் பிள்ளையான நான் அவருடைய மேளச் செட்டுக்குக் கோயில், கலியாணப் பதிவுகள் பார்ப்பதுதான் ஊரில் கொஞ்சம் சிரிப்பு. விடியற்காலையில் அவர் சாதகம் செய்வார், இந்தப் பக்கம் அப்பா அதற்கு மேலால் குரலெடுத்து வேதப்புத்தகம் வாசிப்பார். இரண்டும் கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம்: இந்த ஐந்து பேரும் எந்த நாளில் எந்தக் கோயிலில், எந்தக் கலியாண வீட்டில் நிற்கவேண்டும் என்பதை அண்ணை சுவர்க் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். பார்க்கப் பொறுக்காமல், "உதை விடுங்கோ அண்ணை, நான் ஒரு அட்டவணை செய்து தாறன்" என்று நானாகப் போய் வாங்கிய வேலை இது.

அட்டவணையை ஆகச் சிறிய கோப்பாக, வெறும் எழுத்தும் காற்புள்ளியுமாகச் சேமித்து வந்தேன். எந்தப் பழைய போனிலும் திறக்கும். அது எனக்குப் பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

பின்னேரம் வந்து திறந்தபோது, வீடு, ஊர், கோயில் என்று தமிழில் எழுதியிருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். கேள்விக்குறிகளை எண்ணினால் ஊரைக் கண்டுபிடிக்கலாமே என்று ஒரு தொகுதியை எண்ணிப் பார்த்தேன். எங்கள் வலிகாமத்தில் பாதி ஊர்களுக்குப் பொருந்தியது. உள்ளூர்த் தொலைபேசி எண்களில் முன்னால் நின்ற பூச்சியம் போயிருந்தது, அது பரவாயில்லை. நீளமான வெளிநாட்டு எண்கள் முதல் சில இலக்கங்களோடு சுருங்கி, மிச்சத்தை மென்பொருள் தன் வசதிக்கு விழுங்கியிருந்தது. இவற்றையெல்லாம் விட மோசம் திகதிகள். அப்டேட் என் கணினியை அமெரிக்காவில் குடியேற்றிவிட்டிருந்தது. அங்கே மாதம் முன்னுக்கு, நாள் பின்னுக்கு. நான் நாள், மாதம் என்று எழுதியதை அது மாதம், நாள் என்று வாசித்து, அப்படியே திருப்பிச் சேமித்துவிட்டது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாட்கள் தப்பின, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாதபடியால். மற்றவை எல்லாம் தலைகீழ்; சிலதை நானே அவசரத்தில் மாதம் முன்னுக்கு எழுதியிருந்தபடியால், எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருப்பிப்போடவும் வழியில்லை.

வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து போனேன். அண்ணை முற்றத்தில் நாதஸ்வரத்தில் வைத்து ஊதுகிற சீவாளியைச் சீவிக்கொண்டிருந்தார். திரையைக் காட்டினேன்.

"என்ன பிள்ளை, உது முழுக்கக் கேள்வியாக் கேட்டு வைச்சிருக்கிறீர்?"

"அப்டேட் போட்டனான் அண்ணை. கோப்புப் பழுதாப் போச்சு."

குசினிக்குள் இருந்து அக்கா, அண்ணையின் மனைவி, எட்டிப் பார்த்தார். "காலண்டர் ஒருநாளும் அப்டேட் கேட்டதில்லை, என்னப்பா?"

"நீர் சும்மா இரும். பிள்ளை அழப்போகுது."

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் எந்தத் திசைக்கென்று தெரியாத கோபம். ஆனால் வழி ஒன்று கிடைத்தது. தைமாதத்தில் அண்ணையின் போனுக்கு அனுப்பிய பழைய பிரதி என் போனில் இருந்தது. அவருடைய போனில் எதுவும் இருக்காது. எல்லாரும் கலியாண வீடியோ அனுப்பி நிரப்புவதால் மாதம் ஒருமுறை அனைத்தையும் அழித்துவிடுவார். தைக்கு முந்திய பதிவுகள் அப்படியே மீண்டன. அதன் பிறகு வந்த கொஞ்சம்தான் சிக்கல்.

அவற்றுக்கு அக்கா பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார். நான் இரண்டு திகதிகளையும் சொல்ல, அண்ணை புரட்டினார்.

"ஏழாம் மாதம் எட்டு. இல்லாட்டி எட்டாம் மாதம் ஏழு."

"எட்டாம் மாதம் ஏழு ஆடியெல்லே? ஆடியில ஆர் பிள்ளை தாலி கட்டுறது? முந்தினதைப் போடும்."

அப்படியே ஒவ்வொன்றாக விழுந்தன. உள்ளூர் எண்களுக்குப் பூச்சியத்தை ஒட்டி, மண்டபத்துக்கு வாகனம் எத்தனை மணிக்கு வரும் என்று ஏதாவது கேட்கும் சாட்டில் எடுத்து உறுதிப்படுத்தினோம். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆறாம் மாதம் ஒன்பது, அல்லது ஒன்பதாம் மாதம் ஆறு. ஒன்று வைகாசி, மற்றது ஆவணி. இரண்டு நாளிலும் நல்ல முகூர்த்தம். பெயர் கேள்விக்குறி. எண் கனடா, அதுவும் பாதி.

அண்ணைக்கு அந்த அழைப்பு நினைவிருந்தது. "ஒரு பிள்ளை. தன்ரை கலியாணத்துக்குத் தானே எடுத்துக் கதைச்சவ. தாய் இஞ்சத்தை ஆள். கோயிலிலை என்ரை வாசிப்புக் கேட்டவவாம். அம்மாவுக்கு அந்த வாசிப்புத்தான் வேணும், அதுக்காகத்தான் ஊரிலை வைக்கிறம் எண்டவ. எல்லாம் ஞாபகம் இருக்கு. திகதியைத்தான் உம்மட்டைச் சொல்லிப்போட்டு விட்டிட்டன்."

விட்டிட்டன் என்றதில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் கூடச் சுட்டது.

இதற்கிடையில் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றிலிருந்து ஆள் வந்திருந்தது. அங்கே திருவிழாவுக்குப் பேசியிருந்த செட்டில் ஒருவருக்குத் தகப்பன் தவறி, துடக்கு; கோயிலுக்குள் வாசிக்க ஏலாது. வேறு மேளம் வேண்டும். எந்த நாள்? ஆறாம் மாதம் ஒன்பது. மறுநாள் காலையில் பதில் சொல்லவேண்டும். கோயிலுக்கு ஓம் என்று சொல்லி, கனடாப் பெண்ணின் கலியாணமும் அன்றுதான் என்றால், அவள் தாய் மணவறைக்கு முன்னால் மேளமில்லாமல் இருப்பாள். கோயிலுக்கு இல்லை என்று சொல்லி, கலியாணம் ஆவணியில் என்றால், துடக்கு வீட்டுக்கு உதவாத மேளம் என்ற பெயர் நிற்கும்.

"எல்லாருக்கும் உண்மையைச் சொல்லி, கனடாப் பகுதியைத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் சொல்லச் சொல்லுவமே?" என்றேன்.

"உமக்கு விசரே? உங்கடை கலியாணம் எண்டைக்கு எண்டு ஊரெல்லாம் கேட்டுத் திரியிற மேளத்தை ஆர் பிடிப்பினம்? வெளியாலை ஒரு சொல்லுப் போகக்கூடாது."

அதனால் நான் மண்டபங்களுக்குப் போன் எடுக்கத் தொடங்கினேன். மறுநாள் காலை என்பதால் நிதானமாக யோசிக்க நேரமில்லை. எனக்கு நிதானமாக யோசிக்க வராது என்பதும் உண்மை.

"ஒன்பதாம் திகதி உங்கடை மண்டபத்திலை கலியாணவீடு ஒண்டு இருக்கெல்லே?"

"இருக்கு. நீங்கள் ஆர்?" ஒரு முகாமையாளரின் குரல்.

"சொந்தக்காரர். கார்ட் துலைஞ்சு போச்சு."

"எந்தப் பகுதி? பொம்பிளையோ, மாப்பிளையோ?"

"இரண்டும்."

"இரண்டும் எண்டால்?"

"சொந்தத்துக்குள்ளதானே செய்யினம்."

"பிள்ளை, மாப்பிளை பிரான்ஸ் வெள்ளைக்காரன்."

நான் போனை வைத்துவிட்டேன். அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

அடுத்த மண்டபத்தில் பாதுகாப்பாக மாப்பிள்ளை பகுதி என்றேன். அங்கே கலியாணமே இல்லை, ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. மூன்றாவது இடத்தில், "ஓம், கனடாப் பகுதி ஒண்டு இருக்கு, விடியக் காலமை முகூர்த்தம்" என்றார்கள். நான் எழும்பி நின்றுவிட்டேன்.

"அண்ணை! ஒன்பதாம் திகதிதான். கனடா. சரியாப் பொருந்துது. கோயிலுக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"கனடாவிலை ஒரு குடும்பம் மட்டுமே பிள்ளை இருக்கு?"

"இதிலை இனி என்ன சந்தேகம்?"

அவர் பதில் சொல்லுமுன் பக்கத்துக் கதிரையில் கிடந்த அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, அலுப்போடு வெட்டினார்.

"ஆரது?"

"கள்ளக் கோல். இப்ப நாலைஞ்சு நாளா உந்த நம்பர்தான். வெளிநாட்டிலை இருந்து எடுத்துப் பரிசு விழுந்திருக்கு எண்டு சொல்லுவாங்களாம், பேப்பரிலை கிடந்தது."

"நம்பரைக் காட்டுங்கோ அண்ணை."

காட்டினார். ஒன்றில் தொடங்கியது, கனடா எண்களைப் போல. மடிகணினியைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன். கோப்பு விழுங்காமல் விட்ட இலக்கங்களும் போனில் நின்றவையும் ஒன்றே.

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நாங்கள் இவவைத் தேட, அவ எங்களைத் தேடியிருக்கிறா. வெட்டி வெட்டி விட்டிருக்கிறார் இந்த மனிசன்."

திரும்ப எடுத்தோம். நான் ஒலிபெருக்கியில் போட்டேன். அங்கே காலை நேரம்; பின்னால் பாத்திரச் சத்தமும், யாரோ மூதாட்டி இருமுவதும் கேட்டன.

"அங்கிள், நீங்களா? நான் எத்தினை தரம் கோல் பண்ணினனான், கட் பண்ணிக்கொண்டே இருந்தீங்கள்." தமிழ் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டு வந்தது. "டிக்கெட் போடப்போறம். இண்டைக்கும் எடுக்காட்டி வேறை ஆக்களைப் பாக்கலாம் எண்டு மாமா சொன்னவர். அம்மாதான் இன்னொருக்கா எடு எண்டவ. உங்களுக்கு எங்கடை நாள் ஞாபகம் இருக்குத்தானே?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் ஆறு விரல், ஒன்பது விரல் என்று இரண்டு கையாலும் காட்டி, சத்தமில்லாமல் வாயசைத்தேன்: ஒன்பதாம் திகதி, ஒன்பதாம் திகதி, சொல்லுங்கோ. எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மண்டபம் இருந்தது, கனடா இருந்தது, முகூர்த்தம் இருந்தது.

அவர் என் கையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"பிள்ளை, பொய் சொல்லக் கூடாது. உங்கடை நாள் எங்களிட்டை இப்ப இல்லை. கம்ப்யூட்டரிலை எழுதி வைச்சனாங்கள், அது குழப்பிப் போட்டுது. அம்மாவின்ரை கதை முழுக்க ஞாபகம் இருக்கு. திகதி மட்டும் இல்லை. நீங்கள் திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ."

வெளியால் ஒரு சொல்லுப் போகக்கூடாது என்றவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அங்கே பாத்திரச் சத்தம் நின்றது. "கம்ப்யூட்டரோ?" என்றாள் அவள்.

"ஓம். அப்டேட் போட்டதாம்."

"ஐயோ அங்கிள்." சிரித்துவிட்டாள். "என்ரை வேலையே அதுதான். ஒபிசிலை இந்த மாதம் எங்களுக்கும் உப்பிடி நடந்தது. நான் நினைச்சன், நீங்கள் வேறை கலியாணம் பிடிச்சிட்டு எங்களை வெட்டி விடுறீங்களெண்டு." பின்னால் தாய் என்னவோ கேட்க, "இல்லையம்மா, வருவினமாம்" என்று திரும்பிச் சொன்னாள். "செப்டெம்பர் ஆறு, அங்கிள். ஆவணி. அம்மாட்டைக் குடுக்கிறன், கதையுங்கோ."

செப்டெம்பர். நான் என் விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். தாயும் அண்ணையும் வெகுநேரம் கதைத்தார்கள், பெரும்பாலும் ஊரில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று. வாசிப்பைப் பற்றி ஒரு வசனம்தான். "ஊஞ்சல் மாதிரி ஒண்டு வாசிப்பியள், அதை வாசிக்கவேணும்" என்றார். அண்ணை ஓம் என்றார்.

போனை வைத்த பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. "கோயிலுக்கு ஓம் எண்டு சொல்லிவிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீவாளியைக் கையில் எடுத்தார். அக்காதான், "ஒன்பதுக்கு விரல் காட்டின அழகைப் பாத்தனீங்களே?" என்று செய்து காட்டினார். அடுத்த சில நாட்களுக்கு வேலியால் என்னைக் கண்டபோதெல்லாம் செய்து காட்டினார்.

கோப்பை இப்போது வேறு விதமாக வைத்திருக்கிறேன். மாதத்தை எண்ணில் எழுதுவதில்லை, பெயரில் எழுதுகிறேன். பக்கத்தில் தமிழ் மாதமும் திகதியும். அண்ணை அதைத் தொடக்கத்திலேயே கேட்டவர். எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் இல்லாதபடியால் எனக்கு அது மேலதிகமாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பிரதி வேறு இடத்துக்குப் போகிறது. அக்கா சுவரில் காலண்டரைத் திரும்ப மாட்டிவிட்டார், நான் பேசாமல் விட்டேன். கனடாவிலிருந்து யார் எடுத்தாலும் அண்ணை இப்போது எடுக்கிறார். ஒருநாள் உண்மையாகவே பரிசு விழுந்ததென்று ஒருவன் எடுத்தான். அவனிடம் கலியாணம் எந்த மாதம் என்று விசாரித்தார்.

ஜூன் ஒன்பதாம் திகதி காலை நானும் அந்தக் கோயில் வீதியில் நின்றேன். சுவாமி வெளிவீதி வந்துகொண்டிருந்தது. சந்தியில் ஒரு கலியாணக் கார் வரிசை வழிக்காகக் காத்து நின்றது. பூ வைத்த முதல் கார், பின்னால் வெளிநாட்டுப் பிள்ளைகள் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தபடி, கடைசியில் ஒரு வான். வானுக்குள் இரண்டு தவில் இருந்தன. அவர்கள் பிடித்த மேளம் வேறு செட். மண்டபம் அந்த மூன்றாவது மண்டபம்தான் என்று காரில் ஒட்டியிருந்த தாள் சொன்னது.

தவில்கள் தனியே வாசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணை நாதஸ்வரத்தை இறக்கி, வியர்வையைத் துடைத்தார். அந்தக் கார் வரிசையைப் பார்த்தார். பிறகு சனத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து, இடது கையில் ஐந்து விரலையும் விரித்து, நாதஸ்வரம் பிடித்த கையில் ஒரு விரலை மட்டும் தூக்கினார். செப்டெம்பர் ஆறு. சீவாளியை நனைத்துக்கொண்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.