மேகத்தில் வைத்த கையொப்பம்

முதலில் ஒரு விடுகதை. மேகத்தில் இருக்கும், மழை பெய்யாது. வகுப்பு நடக்கும், கதிரை இராது. விடுமுறையிலும் திறந்திருக்கும், காவலாளி கிடையாது. அது என்ன?

விடை தெரிந்தவர்கள் இதற்குள் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். உங்கள் வேலையிடத்திலும் இப்படி ஒன்று வந்து இறங்கியிருக்கும். துறைமுகம் தெரியும் எங்கள் பல்கலைக்கழகக் கிளையில் வந்து இறங்கியது இணையவழிக் கற்றல் முறைமை. பாடக்குறிப்பு, மாணவர் எழுதிக் கொடுக்கும் ஒப்படை, புள்ளி எல்லாம் எங்கோ தூரத்துக் கணினிகளில் இருக்கும், கைபேசியிலேயே திறக்கலாம். அதைப் பழக்கிக் கொடுப்பது என் வேலை. பொத்தான்களைப் பழக்க ஒரு நாள் போதும். மிச்ச நாளெல்லாம் மனிதர் அதை நம்புவதற்காகக் காத்திருப்பதுதான்.

வரிசை

முறைமை வந்தபின் முதல் ஒப்படையை, வேலை வீடு என்று இருந்தபடி படிக்கும் வெளிவாரி மாணவர் நாற்பது பேரும் வீட்டிலிருந்தே இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அன்று மதியம் அலுவலக வாசலில் அதே நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். கையொப்பம் வைக்க.

எங்கள் அலுவலகத்து முறை அது. மூத்த எழுதுநர் செல்வராணி அக்கா ஒப்படையின் முகப்பைப் பார்த்து "ம்" என்று சொன்ன பிறகுதான் மாணவர் கையொப்பப் புத்தகத்தில் ஒப்பமிடலாம். எப்போதோ ஒரு மாணவனின் ஒப்படை விரிவுரையாளரின் மேசையில் தொலைந்தபோது, அந்தப் புத்தகம்தான் அவனைக் காப்பாற்றியது. "மேகத்தில கிடக்கிறதுக்கு நான் என்னெண்டு சாட்சி சொல்றது?" என்றார் அக்கா.

வரிசையின் கடைசியில், தூரத்துப் புல்மோட்டையிலிருந்து வந்த நஸ்ரின், நான்கு வயது மகள் மின்ஹாவைத் தோளில் போட்டபடி நின்றாள். வரும் வழியில் பஸ் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளை இரண்டு தரம் சத்தி எடுத்திருந்தது. வீட்டில் விட்டுவர ஆளில்லை. நஸ்ரினுக்குப் பட்டம் முடிக்க இன்னும் ஒரே ஒரு ஒப்படைதான் மிச்சம். ஒப்பமிட்டுவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், கடைசி ஒப்படைக்கும் இப்பிடி வரச் சொன்னா எனக்கு ஏலாது. நான் படிப்ப விட்டுடுவன்."

சரியான சிவப்பு

புத்தகத்தை நிறுத்துவது பற்றி மூன்று பீடக் கூட்டங்களில் பேசினோம். மூன்றாவதில், செல்வராணி அக்காவும் மூத்த விரிவுரையாளர் சேவியர் சேரும் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார்கள். சம்மதிக்கவே மாட்டார்கள் என்பதற்கு அது மரியாதையான சொல்.

சேர் அப்போது ஏற்றப்பட்ட நாற்பது ஒப்படைகளையும் அச்சிட்டு, சிவப்புப் பேனையால் திருத்தி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, "ஏத்திவிடும் பிள்ளை" என்று எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் அவருடைய தேநீர்க் கோப்பையும் இருந்தது. திரையிலேயே திருத்தலாமே என்றேன். "கறுப்பு எழுத்தில பிழை சொன்னாப் பிள்ளையள் பயப்பிடாதுகள்" என்றார். திரையில் எழுதும் பேனையைக் காட்டி, நிறப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். ஏழு சிவப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றையும் தன் பேனை மூடியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழாவதில் நிமிர்ந்தார்.

"ஓம். இது சரியான சிவப்பு."

வழக்கு விசாரணை

அக்காவுக்கு நிறம் காட்டி வேலையில்லை. சாட்சிதான் வேண்டும். ஆகவே ஒரு பரீட்சார்த்தப் பாடம் திறந்து, அதில் அவரையே மாணவியாகச் சேர்த்தேன். லிங்கநகரில் உள்ள தன் வீட்டிலிருந்து எதையாவது ஏற்றிப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்த நாள் காலை கைப்பையை மேசையில் வைக்குமுன்பே தொடங்கினார். "நான் ஒண்டும் அனுப்பேல்லை. அனுப்பினனான் எண்டு நீர் நிரூபியும், பாப்பம்." பதிவேட்டைத் திறந்து வாசித்தேன். மாலை ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு ஒரு கோப்பு ஏற்றப்பட்டது; ஆறு பத்துக்கு அழிக்கப்பட்டது; ஆறு பன்னிரண்டுக்கு வேறொன்று ஏற்றப்பட்டது; அது முருங்கைக்காய்க் கறியின் படம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

"முதல்ல மாறி அனுப்பினதும் தெரியுதோ? என்ர புத்தகத்தில அது தெரியாது."

நாலு மணி

இருவரும் சம்மதிக்க, கடைசி ஒப்படைக்குப் புத்தகம் இல்லை என்று முடிவானது. ஒரு நிபந்தனையோடு: ஒரே ஒரு பிள்ளையின் ஒப்படை காணாமல் போனாலும் புத்தகம் திரும்பி வரும்.

இறுதி நாள் காலையிலிருந்தே கட்டடம் முழுக்க மின்சாரம் இல்லை. முன்பென்றால் திகதியைத் தள்ளிப்போட்டிருப்போம். இப்போது எங்கள் கணினிகள்தான் செத்துக் கிடந்தன, ஒப்படைகள் வந்துகொண்டேயிருந்தன. மீனவ ஊரான சல்லியிலிருந்து ஒன்று, கடற்கரையிலிருந்தே ஏற்றியது. அக்கா ஜன்னலோரம் நின்று, என் கைபேசியைப் பார்த்துப் பெயர்ப் பட்டியலில் சரி போட்டார். நாலு மணிக்கு முறைமை தானாகப் பூட்டிக்கொள்ளும். மூன்று நாற்பதுக்கு முப்பத்தொன்பது ஒப்படைகள் வந்திருந்தன. நஸ்ரினின் பெயருக்கு நேரே "வரைவு" என்று மட்டும் இருந்தது.

அக்காவே தன் கைபேசியில் அவளை அழைத்தார். நஸ்ரின் காலையிலேயே கோப்பை ஏற்றியிருந்தாள். சமர்ப்பிக்கும் பொத்தானை மட்டும் அமத்தவில்லை. "நீங்க பாத்து 'ம்' எண்டு சொன்னாப் பிறகுதானே அக்கா, எப்பவும்?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

அக்கா என் கைபேசியில் கோப்பைத் திறக்கச் சொல்லி, முகப்பைப் பார்த்து, தன் கைபேசிக்குள் "ம்" என்றார். மூன்று ஐம்பத்தாறு. வரைவு என்ற சொல் மறைந்தது. அக்கா நாற்பதாவது சரியைப் போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே அறைக்கு அறிவித்தார்:

"புல்மோட்டைப் பிள்ளை கையொப்பம் வச்சாச்சு."

தெரிவு

பெறுபேறு வந்த பிறகு நஸ்ரின் தொதல் இனிப்போடு வந்தாள். பட்டத்தில் சித்தியடைந்திருந்தாள். மின்ஹாவும் வந்திருந்தாள், முகம் வெளிறி. பஸ் தன் வேலையைக் காட்டியிருந்தது. சேவியர் சேர் தொதலை ஒரு துண்டு வெட்டிக்கொண்டே, "செல்வராணி, இனி உம்மை ஆர் வந்து பாக்கப் போகினம்?" என்று சீண்டினார்.

அக்கா விடவில்லை. பிள்ளையின் முன் குனிந்து, "சொல்லுங்கோ மகள், அடுத்த முறை பஸ்ஸில வந்து இந்த மாமியைப் பாக்கிறீங்களோ, உம்மாட போனில பாக்கிறீங்களோ?" என்று கேட்டார்.

மூன்று பீடக் கூட்டங்களில் முடியாத விவாதம் அங்கே முடிந்தது: மின்ஹா போனைத் தெரிவு செய்தாள்.